மூத்த பிள்ளைக்கும் கொஞ்சம் இடம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், ஏழெட்டு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள மூத்த பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. தம்பி தங்கைகளிடமிருந்து சற்று விலகியிருக்க அந்தப் பிள்ளை விரும்பும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பள்ளி ஆசிரியை என்பதால் இவற்றில் பலவற்றைப் பெற்றோர் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதே பிள்ளைகளை வகுப்பறையிலும் பார்க்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் சிறிய வீடுகளில் குடியிருப்பவர்கள். அதனால் 'தனி அறை கொடுங்கள்' என்பதோடு எந்தப் பதிலையும் முடிக்கவில்லை.

என் மகளுக்குப் பத்து வயது. தம்பி பக்கத்தில் வந்தாலே எரிந்து விழுகிறாள். பாசமே இல்லாமல் போய்விட்டதா?

இல்லை. எப்போதெல்லாம் எரிந்து விழுகிறாள் என்று சில நாட்கள் கவனியுங்கள். பள்ளியிலிருந்து வந்த முதல் அரை மணி நேரம், வீட்டுப்பாடம் எழுதும் நேரம், வரைந்துகொண்டிருக்கும் படம் முடியப்போகும் நேரம், கதைப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும். அதே பெண் இரவில் தம்பிக்குக் கதை சொல்வாள். தெருவில் யாராவது அவனைத் தள்ளிவிட்டால் முதலில் சண்டைக்குப் போகிறவளும் அவள்தான்.

பத்து வயதில் ஒரு குழந்தை தான் தொடங்கிய வேலையில் மூழ்கி, நினைத்தபடியே முடித்துப் பார்க்க ஆசைப்படுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கோ அக்காவின் கையில் இருப்பதைவிட அருமையான பொருள் வேறில்லை. அவள் பென்சில் எடுத்தால் அவனுக்கும் பென்சில் வேண்டும். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்துதான் அந்த வயதில் எல்லாம் கற்கிறார்கள். இருவரும் தத்தம் வயதுக்கு ஏற்றதைத்தான் செய்கிறார்கள். இரண்டும் ஒரே பாயில், ஒரே நேரத்தில் நடப்பதுதான் சிக்கல்.

"உனக்குப் பாசமே இல்லையா?" என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். தனியாக இருக்க விரும்புவதாலேயே தான் கெட்டவள் என்று நினைக்கத் தொடங்கும் பிள்ளை அந்த விருப்பத்தை மறைத்துவிடும். மறைத்த எரிச்சல், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கிள்ளாக வெளியே வரும்.

இந்தத் தேவை எந்த வயதில் தொடங்கும்?

கைக்குழந்தை வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே நான்கு வயதுப் பிள்ளை தன் பொம்மைகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைப்பதைப் பார்க்கலாம். ஏழெட்டு வயதில் ஸ்டிக்கர், தபால்தலை என்று சேகரிப்பு தொடங்கும்; விதிகளோடு ஆடும் விளையாட்டுகள் பிடிக்கும்; தோழியோடு ரகசியம் பேசத் தோன்றும். இவை எல்லாவற்றுக்கும் குறுக்கீடில்லாத நேரம் வேண்டும்.

அடுத்த பெரிய திருப்பம் பூப்புப் பருவம். பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல் மாறத் தொடங்குவது இயல்பு. அப்போது தனியாக இருக்கும் விருப்பம் சட்டென்று கூடும். குணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாள் முழுவதும் இருந்துவிட்டு வந்தும் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் உண்டு. வந்ததும் ஒரு மூலை தேடும் பிள்ளைகளும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு எட்டு வயதிலேயே இந்தத் தேவை பசி, தூக்கம் போல உண்மையானது.

எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. ஐந்து பேர் இருக்கிறோம். தனி இடத்துக்கு எங்கே போவது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வீட்டின் பரப்பளவை மாற்ற முடியாது. ஆனால் தனி இடம் என்பதற்குள் பொருள், மூலை, நேரம் என்று மூன்று இருக்கின்றன. மூன்றில் ஒன்று உறுதியாகக் கிடைத்தாலே பிள்ளையின் முகம் மாறிவிடும்.

பொருளிலிருந்து தொடங்குங்கள், அதுதான் எளிது. பீரோவின் மேல்தட்டு, பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி, பரணில் ஓர் அட்டைப்பெட்டி, எதுவானாலும் சரி. சாவி பிள்ளையிடம் இருக்கட்டும். மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கிறது, ஆபத்து என்று தெரிந்தாலொழிய திறக்க மாட்டீர்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வீடு பெருக்கும்போது, 'குப்பை' என்று நினைத்து உள்ளே இருப்பதைத் தூக்கி எறியக் கூடாது. உங்கள் கண்ணுக்குக் கூழாங்கல்லாகத் தெரிவது அவனுக்கு மாமல்லபுரத்துச் சுற்றுலாவின் நினைவாக இருக்கும்.

மூலைக்கு வருவோம். சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மேசை, சன்னல் ஓரம், கட்டிலின் ஒரு பக்கம் கயிறு கட்டித் தொங்கவிட்ட பழைய புடவை. புடவைத் திரையை யாரும் தாண்டலாம் என்பது உண்மைதான். ஆனால் திரை விழுந்திருந்தால் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும் என்று வீடே ஒப்புக்கொண்டால் அதற்குக் கதவின் மதிப்பு வந்துவிடும். இரண்டடுக்குக் கட்டில் வாங்க முடிந்தால் மேலடுக்கு மூத்த பிள்ளைக்கு. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மேலடுக்கில் விடக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி; இங்கே அது மூத்தவருக்குச் சாதகமாகவே அமைகிறது.

மேசையும் இல்லை, கட்டிலும் இல்லை என்றால் ஒரு பாய் போதும். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர். அவருடைய முறையைப் பின்பற்றும் வகுப்பறையில் ஒரு குழந்தை சிறிய பாயை விரித்து அதன்மேல் தன் வேலையைப் பரப்பிக்கொள்ளும். மற்றவர்கள் அந்தப் பாயைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். அழைக்காமல் அதிலுள்ள பொருளைத் தொடக் கூடாது. மூன்று வயதுக் குழந்தைகள் இதைப் பழகிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் பழகுவதில்லை. ஆசிரியை ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்துப் பாயைச் சுற்றி அழைத்துப்போய்க் காட்டுவார். வீட்டில் அந்த ஆசிரியையின் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

நேரம் கடைசி. கடைக்குட்டி பகலில் தூங்கும் ஒரு மணி நேரத்தில் மூத்த பிள்ளையை வேலை ஏவாதீர்கள். விடுமுறை நாட்களில் அவளுக்கென்று கிடைக்கும் அமைதி அநேகமாக அது ஒன்றுதான். மாலையில் அப்பா சின்னவனைக் கடைத்தெருவுக்குத் தூக்கிப்போனால் வீடு அரை மணி நேரம் அவளுடையது. வீட்டுக்குள் வழியே இல்லையென்றால் நூலகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகம் சின்னதாக இருந்தாலும் அங்கே யாரும் அவள் புத்தகத்தைக் கிழிக்க மாட்டார்கள்.

தம்பிக்கு ஒன்றரை வயது. 'அக்கா படிக்கிறாள், போகாதே' என்றால் அவனுக்குப் புரியாது. என்ன செய்வது?

அவனுக்குப் புரிய வைப்பது பிறகு. இப்போதைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சொல்வதற்கே எளிதாகத் தோன்றும் இதைத்தான் பல வீடுகளில் யாரும் செய்வதில்லை. மூத்த பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். அந்த இடத்தைக் காக்கும் வேலையையும் அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறார்கள். அவள் மூன்று முறை "போடா" என்கிறாள். நான்காம் முறை தள்ளிவிடுகிறாள். அவன் விழுந்து அழுகிறான். அப்போதுதான் பெரியவர்கள் சமையலறையிலிருந்து ஓடி வருகிறார்கள், அவளைத் திட்டுவதற்காக. முதல் மூன்று முறை அவள் பொறுமையாகச் சொன்னது யாருடைய கணக்கிலும் சேர்வதில்லை.

எல்லையைக் காக்க வேண்டியது பெரியவர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் சொல்லி வருகிறேன். அவள் "அம்மா, தம்பி வருகிறான்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், யாராவது எழுந்து வர வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்றால், "இரண்டு நிமிடம் பொறு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி வாருங்கள். கூப்பிட்டால் ஆள் வருகிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டால் அவள் கை நீளாது.

பகிர்ந்துகொள்ளப் பழக்க வேண்டாமா? எல்லாவற்றையும் 'என்னுடையது' என்றால் சுயநலமாக வளர மாட்டாளா?

பகிர வேண்டும். ஆனால் 'என்னுடையது' என்று சொல்ல உரிமை உள்ள பொருளைத்தான் ஒருவர் மனமுவந்து கொடுக்க முடியும். பிடுங்கிக் கொடுப்பது பகிர்வு ஆகாது. அதிலிருந்து தம்பி கற்பது, அழுதால் கிடைக்கும் என்பதை. அக்கா கற்பது, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒளிக்க வேண்டும் என்பதை.

வீட்டுப் பொருட்களை இரண்டாகப் பிரியுங்கள். கேரம் பலகை, பந்து, கட்டைகள், கலர் பென்சில் டப்பா ஆகியவை பொது. பிறந்தநாளுக்கு வந்த பொம்மை, அவள் வரையும் நோட்டு, பள்ளிப்பை, அவள் காசு சேர்த்து வாங்கியவை அவளுடையவை. பொதுப் பொருளில் முறை வைத்து ஆட வேண்டும். அதில் அவளுக்குச் சலுகை வேண்டாம். சொந்தப் பொருளைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் விருப்பம். அவள் "தர மாட்டேன்" என்றால் நீங்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும், அப்போது தம்பி எவ்வளவு அழுதாலும்.

தம்பி எதையும் வாயில் போடுகிறான். மகனுடைய விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள்.

அப்படியானால் அவனுக்கு உயரத்தில் ஓர் இடம் கொடுப்பது இரண்டு பிள்ளைகளுக்கும் நன்மை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பொம்மைகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுச் சோதிப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். கோலிக்குண்டு, கட்டைகளின் சிறு துண்டுகள், மணிகள் எல்லாம் அதற்குள் அடங்குபவை. பொத்தான் பேட்டரியும் சிறு காந்தங்களும் இன்னும் கொடியவை. பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"தம்பி இருக்கிறான், இனிமேல் இதை வைத்து ஆடாதே" என்று தடை போடுவதைவிட, மேசை மேல் ஆடவும் முடிந்ததும் மேல்தட்டில் வைத்துப் பூட்டவும் அவனைப் பழக்குங்கள். ஆடி முடித்தபின் தரையை ஒரு முறை பார்ப்பது உங்கள் வேலை.

நான் வேலைக்குப் போகிறேன். பள்ளி விட்டு வந்ததும் மகள்தான் தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். இது தவறா?

வேறு வழி இல்லாத வீடுகள் இருக்கின்றன. அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைகள் வீட்டு வேலையில் பங்கெடுப்பதும் நல்லதுதான். தங்கைக்குத் தலை வாரிவிடும்போதும் சோறு ஊட்டும்போதும் ஒரு பெண் குழந்தையின் முகத்தில் தெரியும் பெருமிதம் உண்மையானது.

ஆனால் எல்லை ஒன்று இருக்கிறது. "அரை மணி நேரம் பார்த்துக்கொள், நான் வந்துவிடுவேன்" என்பது உதவி. தங்கை விழுந்தாலும் அழுதாலும் சாப்பிடாவிட்டாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், அது பத்து வயதில் தாயாக்குவது. இப்படி வளரும் பிள்ளைகளை வகுப்பில் எனக்கு அடையாளம் தெரியும். மற்றவர்களின் பென்சிலைக்கூடப் பொறுப்பாக எடுத்துக் கொடுப்பார்கள். தங்கள் வீட்டுப்பாடம் மட்டும் பாதியில் நிற்கும். பாராட்டும் நிறையக் கிடைக்கும் என்பதால் அவர்களின் களைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

முடிந்த அளவு சில மாற்றங்கள் செய்யலாம். வந்ததும் முதல் அரை மணி நேரம் பொறுப்பில்லாத நேரமாக இருக்கட்டும். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரோ, பாட்டியோ, அங்கன்வாடி நேரமோ கைகொடுக்குமா என்று பாருங்கள். நீங்கள் வீடு திரும்பியதும் பொறுப்பு கைமாறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ." வாரத்தில் ஒரு மாலையாவது அவளுக்கு முழு விடுப்பு வேண்டும். மகன் மூத்தவனாக இருந்தால் இதே வேலையை அவனிடம் சொல்வீர்களா என்றும் யோசியுங்கள். அண்ணனுக்குக் கிரிக்கெட் மட்டையும் அக்காவுக்கு இடுப்பில் குழந்தையும் என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது மாற வேண்டும்.

"நாங்கள் எட்டுப் பிள்ளைகள், ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். யாருக்குத் தனி இடம் இருந்தது?" என்கிறார் என் மாமியார்.

அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கூடத்துக்கு வெளியே திண்ணை இருந்தது, கொல்லைப்புறம் இருந்தது, தெரு முழுக்கத் தன் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். எட்டு வயதுப் பையன் மாலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும்போதுதான் திரும்புவான். கைக்குழந்தையைப் பார்க்க அத்தை, சித்தி, பாட்டி என்று பல கைகள் இருந்தன. இன்று மூன்றாம் மாடியில், கதவைச் சாத்திய வீட்டில், இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமியாரோடு வாதம் வேண்டாம். "சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்ததை எங்கே வைத்துக்கொள்வீர்கள், அத்தை? எங்கே போய் உட்காருவீர்கள்?" என்று கேளுங்கள். கொய்யா மரத்தடியோ, மாடிப்படிக்குக் கீழோ, ஏதாவது ஓர் இடம் சொல்வார். அந்தத் தலைமுறையில் மூத்த பெண்ணாகப் பிறந்தவராக இருந்தால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவே பள்ளிப் படிப்பை நிறுத்தியதையும் சொல்லக்கூடும். பேத்தி பக்கத்தில் இருக்கும்போது அவர் அதைச் சொன்னால் இன்னும் நல்லது.

குழந்தைக்கு என்ன அந்தரங்கம்? பெற்றோரிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஐ.நா. சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு அந்தரங்கத்தையும், 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக வைக்கின்றன. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மகளின் நாட்குறிப்பைத் தங்கை எடுத்து வந்து எல்லார் முன்னும் படித்துச் சிரிக்கும்போது நீங்களும் சேர்ந்து சிரித்தால், அடுத்த முறை உண்மையிலேயே பெரிய விஷயம் நடந்தாலும் அவள் உங்களிடம் வர மாட்டாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதுத் தம்பியோடு ஒரே அறையில் இருக்கிறாள். என்ன கவனிக்க வேண்டும்?

உடை மாற்றப் பூட்டக்கூடிய ஓர் இடம் வேண்டும். குளியலறை மட்டும்தான் என்றால், அங்கே உலர்ந்த துணி வைக்க ஒரு கொக்கியும் தாழ்ப்பாளும் சரியாக இருக்கட்டும். மாதவிடாய்க்கு வேண்டியவற்றை வைக்க அவளுக்கென்று ஒரு தட்டு வேண்டும், தம்பி அதைக் குடைந்து "இது என்ன?" என்று கூடத்துக்குத் தூக்கி வரும் நிலை வரக் கூடாது. அவன் கேட்டால் அவன் வயதுக்குத் தக்கபடி பதில் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கதவைத் தட்டும் பழக்கம் எட்டு வயதுப் பையனுக்குத் தாராளமாக வரும். அதை அப்பாவும் கடைப்பிடித்தால் விரைவாக வரும்.

இருவருக்கும் தூங்கும் நேரம் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. வளரிளம் பருவத்தில் உடல் தானாகவே தாமதமாகத்தான் தூக்கத்துக்குத் தயாராகிறது. சின்னவன் எட்டரைக்குத் தூங்கியபின் மூத்தவனுக்குக் கூடத்தில் ஒரு விளக்கும் அமைதியும் கிடைக்கட்டும். காலையில் ஆறு மணிக்கு எழுந்து அண்ணன்மேல் ஏறிக் குதிக்கும் குழந்தையை அழைத்துப் போவதும் பெரியவர்களின் வேலைதான்.

தோழிகள் வீட்டுக்கு வந்தால் தங்கையும் கூடவே உட்கார்ந்துகொள்கிறாள்.

தோழிகள் அக்காவைப் பார்க்க வந்தவர்கள். பத்து நிமிடம் வணக்கம் சொல்லி, பலகாரம் கொடுத்துவிட்டுத் தங்கையை அழைத்து வந்துவிடுங்கள். "அவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், பாவம்" என்று வந்த பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள், மகள் மறுமுறை யாரையும் வீட்டுக்கு அழைக்க மாட்டாள்.

விலக்கிவிட்டால் சின்னவன் ஏங்கிப் போகிறான். அவன் பாடும் பாவமாக இருக்கிறதே?

பாவம்தான். அவன் உலகத்தில் அக்காவைவிடப் பெரிய நாயகி கிடையாது. அதனால் "அக்காவிடம் போகாதே" என்று மட்டும் சொன்னால் போதாது, போவதற்கு இன்னோர் இடம் இருக்க வேண்டும். அவள் படிக்கும் நேரத்தில் அவனுக்கென்று ஒரு வேலை: பழைய நோட்டும் கலர் பென்சிலும், பாத்திரத்தில் பருப்பு அள்ளிப் போடுவது, உங்களோடு கீரை ஆய்வது. 'எப்போது அக்கா வருவாள்' என்பதை அவன் கண்ணால் பார்க்கும்படி சொல்லுங்கள். கடிகாரத்தின் பெரிய முள் கீழே வந்ததும் என்றால் நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியும்.

அக்கா வரும்போது பத்து நிமிடமாவது முழு மனதோடு வர வேண்டும். கட்டாயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட அதுதான் அவனுக்கு இனிக்கும்.

இன்னொன்றும் உதவும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உளவியல் ஆய்வாளர் ஜூடி டன் இரண்டாவது குழந்தை பிறந்த குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே சென்று கவனித்தார். கைக்குழந்தைக்கு என்ன வேண்டும், அது என்ன நினைக்கிறது என்று தாய் மூத்த குழந்தையோடு பேசிய வீடுகளில் இருவரின் உறவும் இணக்கமாக வளர்ந்ததைக் கண்டார். "பார், நீ சிரித்தால் அவனும் சிரிக்கிறான்", "அவனுக்கு அந்தச் சத்தம் பயமாக இருக்கிறதோ?" என்பதுபோன்ற சாதாரணப் பேச்சுத்தான். இதையே மறுபக்கமும் செய்யலாம். "அக்காவுக்கு இப்போது களைப்பு, கொஞ்ச நேரம் கழித்து வருவாள்" என்று சின்னவனிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். புரியாத வயதிலும் சொல்லுங்கள்.

இளைய மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அக்காவிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இந்த வீடுகளின் மூத்த பிள்ளைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பயிற்சி நிலையத்தின் தாழ்வாரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். உறவினர் வீட்டு விசேஷத்தில் தம்பி கத்தினால் எல்லார் பார்வையும் தாங்குவார்கள். "எங்களுக்குப் பிறகு நீதான் அவனுக்கு" என்ற வார்த்தையை ஒன்பது வயதிலேயே கேட்டிருப்பார்கள். அந்த வார்த்தையை இப்போது சொல்லாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வளர்ந்தபின் அவளாக எடுக்க வேண்டிய முடிவு அது.

இவளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகவே தனி இடம் வேண்டும். தம்பி நோட்டைக் கிழித்தால், "அவனுக்குத் தெரியாது, விடு" என்பதற்கு முன்னால் "உன் உழைப்பு போய்விட்டதே" என்று ஒரு வார்த்தை வர வேண்டும். இரண்டும் உண்மை. பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையேறும் நாளில், தம்பியை யாரிடமாவது விட்டுவிட்டுப் பெற்றோரில் ஒருவராவது முழுதாக அவளுக்காக வாருங்கள்.

தனியாக இருக்க வேண்டும் என்று கைபேசியோடு உட்கார்ந்துவிடுகிறான்.

அது வேறு பேச்சு. தம்பியிடமிருந்து விலகி இருக்க உரிமை உண்டு. அந்த நேரம் முழுவதும் திரைக்குப் போக வேண்டும் என்பதில்லை. கைபேசிக்கு உங்கள் வீட்டில் என்ன விதியோ அதைத் தனியாக வையுங்கள். "கைபேசி பார்க்கிறாய், அதனால் தனி இடம் கிடையாது" என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொள்வது எப்போது கவலைக்குரியது?

சாத்திய கதவுக்குள்ளிருந்து பசியோடு வெளியே வந்து, தோழர்களோடு பேசி, பிடித்ததைச் செய்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். தம்பியிடமிருந்து மட்டுமின்றி எல்லாரிடமிருந்தும் விலகினால், முன்பு ஆசைப்பட்டதெல்லாம் கசந்துவிட்டால், தூக்கமும் சாப்பாடும் சில வாரங்களாகவே மாறியிருந்தால், குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டால் மட்டும் ஒளிந்துகொண்டால் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர் யாராவது துன்புறுத்துகிறார்களா என்ற கேள்வியையும் ஒதுக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அதேபோல் இளைய பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் காயம் பட்டாலும், மூத்த பிள்ளையைக் கண்டாலே அது நடுங்கினாலும், சகோதரச் சண்டை என்று ஒதுக்காமல் இருவருக்கும் உதவி தேடுங்கள்.

தம்பிக்கு இப்போது ஐந்து வயது. இன்னும் இந்த ஏற்பாடெல்லாம் வேண்டுமா?

வேண்டும், ஆனால் இனி அது இரு வழிப் பாதை. அவனுக்கும் ஒரு தட்டு, ஒரு பெட்டி, 'கேட்டுவிட்டு எடு' என்று சொல்லும் உரிமை கொடுங்கள். அக்காவும் அவன் கட்டிய கட்டைக் கோபுரத்தைக் கேட்காமல் கலைக்கக் கூடாது. ரப்பர் வேண்டுமென்றால் அவன் பென்சில் டப்பாவைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். மூவரும் உட்கார்ந்து விதிகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். எழுதத் தெரியாத சின்னவன் தன் விதியைப் படமாக வரையட்டும்.